அள்ளிய குளம் மூன்றே மாதத்தில் மூடிக்கொள்வது ஏன்? குமரி மாவட்டத்தில் ஆக்கிரமிப்பு இனங்கள்

குமரி மாவட்டத்தில் கோடை வந்தால் ஒரு செய்தியும் கூடவே வரும்: குளத்தில் ஆகாயத்தாமரை அகற்றும் பணி தொடக்கம். கரையில் பொக்லைன் நிற்கும், அள்ளிப்போட்ட செடி ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். ஆடி முடிவதற்குள் அதே குளம் மறுபடியும் பச்சைப் பாய் விரித்துக் கிடக்கும். செலவழித்த பணம் எங்கே போனது என்று ஊரார் கேட்பது நியாயம்தான்.

தென்னையிலும் ஒரு குழப்பம் உண்டு. ஓலைகள் கரி பூசியதுபோல் கறுத்துப்போகின்றன. பூச்சிதான் காரணம் என்று வேளாண் அலுவலர் சொல்கிறார், ஆனால் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்றும் அவரே சொல்கிறார். பூச்சி இருக்கிறது, மருந்து மட்டும் வேண்டாம் என்றால் விவசாயி என்ன செய்வது?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம்.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதலா?

இல்லை. இந்த மாவட்டத்தில் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. மரச்சீனிக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் தந்தார், பஞ்சக் காலத்தில் ஏழைகளின் வயிற்றைக் காத்தது அது. ரப்பரின் பூர்வீகம் அமேசான் காடு. அன்னாசி, கொல்லாமரம், பப்பாளி, மிளகாய் எல்லாமே கடல் தாண்டி வந்தவை. மீன்குழம்பையும் மரச்சீனியையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தால், பாதிக்கு மேல் அயல்நாட்டுச் செடிகள்தான்.

எனவே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1. அயல் இனம்: தன் இயல்பான வாழிடத்துக்கு வெளியே, மனிதரால் கொண்டுவரப்பட்ட உயிர். தெரிந்து கொண்டுவந்தாலும் தெரியாமல் வந்தாலும் ஒன்றுதான்.

2. ஊன்றிய இனம்: யாரும் நட்டு வளர்க்காமலே, புதிய இடத்தில் தானே இனம் பெருக்கத் தொடங்கிய அயல் இனம்.

3. ஆக்கிரமிப்பு இனம்: ஊன்றிய பிறகு வேகமாகப் பரவி, அங்கிருந்த உயிர்களையோ தொழிலையோ உடல்நலத்தையோ கெடுக்கும் இனம்.

இங்கே நாட்டு எல்லை கணக்கில் வராது. ரப்பர் தோட்டங்களில் மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் முக்குணா கொடி நம் நாட்டின் வடகிழக்கைச் சேர்ந்தது, இந்தியக் கொடிதான். ஆனால் தென்முனையில் அது அயல் இனம். தோட்டக்காரர் வெட்டி ஒதுக்காமல் விட்டால் பக்கத்து மரத்தின் தலைவரை ஏறி வெயிலை மறைத்துவிடும்.

ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிவியல் அமைப்பான ஐபிபிஇஎஸ் 2023-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுக்க மனிதர் கொண்டுபோய்ச் சேர்த்த அயல் இனங்கள் 37,000-க்கும் மேல், அவற்றில் கெடுதல் செய்பவை 3,500-க்கும் மேல் என்கிறது அது. ஏறக்குறைய பத்தில் ஒன்று. மரச்சீனி ஒன்பதில் அடங்கும், ஆகாயத்தாமரை அந்த ஒன்றில் அடங்கும். அந்த ஒன்று செய்யும் வேலையோ சிறிதல்ல. உலகில் பதிவான இன அழிவுகளில் 60 விழுக்காட்டில் ஆக்கிரமிப்பு இனங்களுக்குப் பங்குண்டு. 2019-ல் உலகத்துக்கு அவற்றால் ஆன செலவு 42,300 கோடி டாலருக்கு மேல்.

அந்த ஒன்றுக்கு எங்கிருந்து பலம் வருகிறது?

சொந்த ஊரில் ஒவ்வொரு செடிக்கும் அதையே தின்று பிழைக்கும் புழு, வண்டு, பூஞ்சை என்று ஒரு கூட்டம் இருக்கும். பல ஆயிரம் ஆண்டுகளாகச் செடியும் பூச்சியும் மல்லுக்கட்டி ஒரு சமநிலைக்கு வந்திருக்கும். செடியை மட்டும் பிடுங்கி இன்னொரு கண்டத்தில் போட்டால் அந்தக் கூட்டம் கூட வராது. செடி தின்னப்படுவதில்லை, வளர்ச்சி முழுவதும் லாபம். பூச்சிகளுக்கும் இதே கதைதான்: பூச்சி வந்துவிடும், அதைத் தின்னும் குளவி அங்கேயே நின்றுவிடும்.

இதோடு இன்னொன்றும் சேர வேண்டும், அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். வந்த இடத்தில் அதற்குத் தீனி இருக்க வேண்டும். கலங்கிய மண், வெட்டவெளியாகிப்போன காட்டோரம், சாக்கடையும் உரமும் கலந்த குளம் இவையெல்லாம் ஆக்கிரமிப்பு இனத்துக்கு விரித்து வைத்த இலை.

வந்த நாளிலேயே எதுவும் ஆக்கிரமிப்பதில்லை. நான்கு படிகள் உண்டு.

1. வருகை: ஒன்றிரண்டு செடி, பத்துப் பதினைந்து நத்தை. இந்தக் கட்டத்தில் ஒரு ஆள் ஒரு சாக்கோடு போய் முடித்துவிடலாம்.

2. ஊன்றல்: ஒரு குளம், ஒரு விளை (தோப்பு). ஒரு பஞ்சாயத்து நினைத்தால் முடியும்.

3. பரவல்: தாலுகா முழுக்க. அழிப்பது நடவாது, பரவும் வேகத்தைத் தடுக்கலாம்.

4. ஆக்கிரமிப்பு: இனி அதோடு வாழ்ந்துகொண்டே அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதுதான் வேலை. அது ஆண்டுதோறும் தொடரும் செலவு.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் சில இனங்கள் பல ஆண்டுகள் அமைதியாகவே கிடக்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று நாமும் விட்டுவிடுவோம். செய்தியில் பெயர் வரும்போது பெரும்பாலும் மூன்றாம் படியைத் தாண்டியிருக்கும்.

குளம்: பெயரில் ஒரு சிக்கல், கணக்கில் ஒரு சிக்கல்

முதலில் பெயர். செய்தித்தாளில் ஆகாயத்தாமரை என்று வருவது ஊதாப் பூ பூக்கும் செடி. வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்று வருவது வேறு, முட்டைகோஸ் விரிந்ததுபோல் மிதக்கும் சிறுசெடி அது. இந்தக் கட்டுரையில் பேசுவது ஊதாப் பூச்செடியைப் பற்றி. அமேசான் படுகையைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுக்காக வங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அழகில் குறையில்லை, மேலிதழில் மயில்தோகைக் கண் போல ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும்.

ஒரு செடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதன் தந்திரம் முழுவதும் தெரியும். இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பியிருக்கும், நகத்தால் கிழித்தால் உள்ளே பஞ்சும் காற்றும்தான். அடியில் கறுப்பும் ஊதாவுமாக இறகு போன்ற வேர்க்கற்றை தொங்கும். அது மண்ணைத் தொடுவதில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தை நேராக உறிஞ்சுகிறது. கழுத்தருகே சிறுவிரல் தடிமனில் ஒரு தண்டு பக்கவாட்டில் ஓடும், அதன் நுனியில் இன்னொரு குட்டிச் செடி. அந்தக் குட்டியிலிருந்து மறுபடியும் ஒரு தண்டு. விதை தேவையே இல்லை. ஆனால் விதையும் போடுகிறது, சேற்றில் விழுந்த விதை 15, 20 ஆண்டுகள் கழித்தும் முளைக்கும்.

இப்போது கணக்கு. சத்து நிறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இந்தச் செடி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இருமடங்காகும். 16 ஏக்கர் குளம் ஒன்றை நன்றாக அள்ளிவிட்டோம், ஓரங்களில் தப்பியது எல்லாம் சேர்த்துக் கால் ஏக்கர் என்று வைப்போம். அதாவது 98 விழுக்காடு அகற்றியாயிற்று, ஒப்பந்தக்காரர் மேல் குறை சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் அரை ஏக்கர். நான்காம் வாரம் ஒன்று. ஆறில் இரண்டு, எட்டில் நான்கு, பத்தில் எட்டு, பன்னிரண்டாம் வாரம் பதினாறு. குளம் நிறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஆறாம் வாரம். அன்றைக்கு எட்டில் ஒரு பங்குதான் மூடியிருக்கும், பார்ப்பவருக்குக் குளம் சுத்தமாகவே தெரியும். நான்கு பேர் ஒரு வள்ளத்தோடு இறங்கினால் சமாளிக்கலாம். யாரும் இறங்குவதில்லை, ஏனென்றால் வேலை முடிந்தது என்று கணக்கை மூடியாயிற்று.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இங்கே குளங்கள் தனித்தனியாகக் கிடப்பவை அல்ல. அணைத்தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் புத்தனார் சானல் வழியாகக் குளத்துக்கு வந்து, மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. கன்னிப்பூ என்ற முதல்போக நெல் சாகுபடிக்குப் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். கோடையில் கீழ்க்குளத்தை மட்டும் சுத்தம் செய்து, மேல்குளத்தை அப்படியே விட்டிருந்தால், திறந்த முதல் வாரத்திலேயே மேலிருந்து செடி மிதந்து வந்துவிடும்.

மூடிய பாய்க்கு அடியில் என்ன நடக்கிறது? வெயில் தண்ணீருக்குள் இறங்காது. பாசியும் நீருக்குள் வளரும் கொடிகளும் சாகும். அழுகும் இலைகள் கரைந்த ஆக்சிஜனைக் குடித்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். திறந்த நீர்ப்பரப்பில் ஆவியாவதைவிட இலைகள் வழியாக அதிகத் தண்ணீர் போகும். மடையை அடைக்கும், வயலுக்குத் தண்ணீர் சேராது. மான்சோனியா என்ற கொசுவின் புழு இந்த மாதிரி மிதக்கும் செடியின் வேரைத் துளைத்து, அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சியே வாழும். மூச்சுவிட மேலே வர வேண்டியதில்லை என்பதால் எண்ணெய் தெளித்தாலும் தப்பிவிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் அது ஒன்று.

பறவைகளின் விஷயத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாழைக்கோழியும் இலைக்கோழியும் ஆகாயத்தாமரை மேலும் நடந்து இரை தேடும். ஆனால் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும், கூழைக்கடாவுக்கும், ஆலாவுக்கும், வலசை வரும் வாத்துக்கும் திறந்த நீர் வேண்டும். சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்தன. ஒரே மாவட்டத்தில் இரண்டு ராம்சர் தலம் இருப்பது நமக்குப் பெருமை. அந்தப் பெருமை நிற்பது திறந்த நீரின் மேல்தான். தாமரை வளர்த்துத் தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்புகிறவர்களுக்கும் இதே பாடுதான். தாமரை சேற்றில் வேரூன்றி மெதுவாக எழும்பி வருவதற்குள் மேற்பரப்பை இது பிடித்துவிடுகிறது.

ஆகாயத்தாமரை நோயா, நோயின் அறிகுறியா என்று கேட்டால், நான் அறிகுறிப் பக்கம்தான் நிற்பேன். வீட்டுக் கழிவுநீரும் வயலிலிருந்து வடியும் யூரியாவும் குளத்துக்கு வரும்வரை அந்தச் சத்தைத் தின்ன ஒரு செடி வந்துகொண்டே இருக்கும். இதை அழித்தால் வேறொன்று.

பெயர் தவறினால் என்ன ஆகும்: ஆப்பிரிக்கன் பாயல்

விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் புழங்குகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கேரளத்தில் குட்டநாட்டு வயல்களையும் காயல்களையும் ஒரு காலத்தில் மூடி, படகுப் போக்கையே நிறுத்திய நீர்ப்பெரணி அது. பெயரில் ஆப்பிரிக்கா இருந்தாலும் ஊர் பிரேசில். அதன் இலையை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மேலே நுண்ணிய முடிகள் தெரியும். ஒவ்வொரு முடியின் நுனியும் நான்காகப் பிரிந்து மறுபடியும் ஒன்றாகக் கூடியிருக்கும், மோர் கடையும் மத்தைப்போல. அந்தக் கூண்டுக்குள் காற்று நிற்பதால் இலை நனைவதே இல்லை, முக்கினாலும் எழும்பி வரும்.

இதைத் தின்னும் பூச்சியைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். கொண்டுவந்தவை சரியாக வேலை செய்யவில்லை. காரணம், செடியையே வேறொரு இனமாக நினைத்துக்கொண்டு, அந்த உறவுக்கார இனத்தின் பூச்சிகளைத் தேடியிருந்தார்கள். இது தனி இனம் என்று 1972-ல்தான் பெயரிட்டார்கள். 1978-ல் தென்கிழக்குப் பிரேசிலில் இதன் சொந்த ஊரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இதன்மேல் இருந்த சிறு கூன்வண்டை 1980-ல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள், ஓராண்டு சொச்சத்தில் ஏரி திறந்தது. அந்த வண்டு பிறகு பெங்களூருவுக்கும், 1980-களில் கேரளத்துக்கும் வந்தது. குட்டநாட்டில் பாயல் இன்றும் இருக்கிறது, வண்டும் இருக்கிறது, ஆனால் முன்போல் படகை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

எதிரியை அதன் சொந்த ஊரிலிருந்து அழைத்துவரும் இந்த முறைக்கு உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர். அழைத்துவரும் பூச்சி வேறு எதையும் தின்னாது என்று பலவகைச் செடிகளை வைத்துச் சோதித்த பிறகே வெளியே விட வேண்டும். சோதிக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி: கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-ல் கொண்டுவந்து விட்ட கரும்புத் தேரை, வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்று நாட்டையே பிடித்துக்கொண்டது.

ஆகாயத்தாமரைக்கும் இரண்டு வகைக் கூன்வண்டுகள் 1980-களில் பெங்களூருவுக்கு வந்தன, சில ஏரிகளில் நல்ல பலனும் கிடைத்தது. இலைமேல் சதுரமாகச் சுரண்டிய சிறு தழும்புகள் இருந்தால் வண்டு இருக்கிறது என்று பொருள். ஆனால் அது பெருக மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும், அதுவரை அது வாழும் செடியும் குளத்தில் நிற்க வேண்டும். நாம் ஆண்டுதோறும் பொக்லைன் விட்டு அள்ளும்போது வண்டும் சேர்ந்தே போகிறது. கழிவுநீர் மிகுந்த குளத்தில் வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி வளரும் வேகம் அதிகம், அங்கே வண்டு தோற்கும்.

தென்னை: மருந்து அடிக்காதே என்பதன் பொருள்

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. பெலிஸ் நாட்டுத் தென்னையிலிருந்து 2004-ல்தான் அறிவியலுக்கே அறிமுகமானது. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டார்கள். பிறகு தென்னை உள்ள இடமெல்லாம் போனது, குமரியும் விலக்கல்ல.

ஓலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வெள்ளை மெழுகுப் பொடியில் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும். அதில்தான் முட்டைகள். குஞ்சுகள் அடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும், உறிஞ்சியதில் மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீர் கீழ் ஓலைமேல் சொட்டும். அந்த இனிப்பின்மேல் வளர்வதே கரும்பூசணம். ஓலை கறுப்பது அதனால்தான். பூசணம் ஓலைக்குள் இறங்குவதில்லை, மேலே படர்ந்து வெயிலை மறைக்கிறது. கீழே மட்டி வாழையோ கொய்யாவோ ஊடுபயிராக நின்றால் அவையும் கறுக்கும், ஈயும் அவற்றில் ஏறும்.

இந்த ஈக்கு எதிரி உண்டு. என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி, பொட்டு அளவுகூட இராது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும், குளவிப் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்து வெளியே வரும். இதை யாரும் திட்டமிட்டு இறக்குமதி செய்யவில்லை, ஈ பரவிய இடங்களிலேயே காணப்பட்டது, பிறகு பெருக்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

மருந்து அடிக்க வேண்டாம் என்பது இந்தக் குளவிக்காக. உயர்ந்த தென்னையில் ஓலையின் அடிப்பக்கம் முழுவதும் நனையும்படி மருந்து தெளிப்பது நடக்காத காரியம். பாதி ஈ தப்பும், வெளியில் பறக்கும் குளவியோ செத்துப்போகும். தப்பிய ஈ அடுத்த மாதம் எதிரியே இல்லாத ஓலையில் பெருகும். நாமே காசு கொடுத்து அதற்குப் பழைய சலுகையைத் திருப்பித் தந்ததாக ஆகும்.

உங்கள் விளையில் குளவி இருக்கிறதா என்று ஒரு பூதக்கண்ணாடியோடு நீங்களே பார்க்கலாம். கீழ்மட்டத்து ஓலையில் காலிக் கூடுகளைத் தேடுங்கள். மேலே ஆங்கில T எழுத்துபோல் கிழிந்திருந்தால் ஈ பிறந்து போயிருக்கிறது. ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளை இருந்தால் குளவி வந்து போயிருக்கிறது. கறுத்த கூடு இருந்தால் குளவி இன்னும் உள்ளே இருக்கிறது. வட்டத் துளைகளும் கறுத்த கூடுகளும் நிறைய இருக்கும் ஓலையை வெட்டி எரித்துவிடக் கூடாது, அதில் சில துண்டுகளைக் குளவி இல்லாத மரத்தில் கட்டலாம். அப்புறம் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடியில் தண்ணீர் பீய்ச்சுதல், கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி தெளித்தல் இவை போதும். கஞ்சி காய்ந்து உதிரும்போது பூசணமும் சேர்ந்து உதிரும்.

மரச்சீனிக்கும் இப்படியே ஒரு மாவுப்பூச்சி வந்தது, 2020-ல் கேரளத்தில் கண்டார்கள். ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் கிழங்கைக் காப்பாற்றிய அனகைரஸ் என்ற குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-ல் தமிழ்நாட்டில் விட்டார்கள். இருபது முப்பது ஆண்டுகள் தவித்த பாயல் கதையோடு ஒப்பிட்டால் இரண்டே ஆண்டுதான். பூச்சியின் பெயரும் ஊரும் சரியாகத் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம்.

மலையடிவாரமும் கழிமுகமும்

காட்டில் உண்ணிச்செடியும், எல்லைக்கு அந்தப்பக்கம் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் செடியும் வெட்டவெளியைப் பிடிப்பவை. அடர்ந்த காட்டின் நிழலில் இவை தடுமாறும். சாலை, தோட்ட ஓரம், தீப்பட்ட சரிவு இவைதான் இவற்றின் வாசல். கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் காடும் ரப்பரும் மாறி மாறி வருவதால் ஓரம் அதிகம். மிக்கேனியா என்ற கொடிக்கு மலையாளத்தில் திருதராஷ்டிரப் பச்சை என்று பெயர். இரும்புப் பீமனைத் திருதராஷ்டிரன் கட்டித் தழுவி நொறுக்கிய கதையை அறிந்தவருக்கு அந்தக் கொடியைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டாம். தமிழ்நாடு அரசு 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அதில் 'மீட்பது' என்ற பாதிதான் கடினம்: உண்ணியைப் பிடுங்கிய இடத்தில் உள்ளூர்ப் புல்லும் மரமும் எழும்பாவிட்டால் அடுத்த மழைக்கு அதே உண்ணி வரும்.

கழிமுகத்தில் கவலை வேறு வகை. தென் அமெரிக்கச் சிப்பி ஒன்று, மைடெல்லா என்று பெயர், கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் பெருகி அங்குள்ள கறிச்சிப்பிகளின் இடத்தைப் பிடித்தது. சென்னைக்கு வடக்கே எண்ணூரிலும் பெருகியிருக்கிறது, அங்கே மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டிச் சேற்றின்மேல் கம்பளம்போல் படர்வதால் இறால் மேயும் தரை போய்விடுகிறது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் அடித்தண்ணீரில் குஞ்சுகள் வந்திருக்கக்கூடும் என்றும், 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயல் அவற்றைப் பரப்பியிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் புயலில் நம் கரை இழந்த உயிர்களைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடல் வேறு எதையெல்லாம் இடம் மாற்றி வைத்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருபக்கம் அஷ்டமுடி, மறுபக்கம் எண்ணூர், நடுவில் நம் தேங்காய்ப்பட்டணமும் மணக்குடியும். பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பெருங்கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. அடித்தண்ணீரைச் சுத்திகரித்தே இறக்க வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் கழிமுகத்தில் மாதம் ஒருமுறை கல்லையும் கட்டையையும் புரட்டிப் பார்ப்பதைவிட மலிவான காவல் வேறில்லை.

எந்த வழி எங்கே பயன்படும்?

1. வராமல் தடுப்பது: எல்லாவற்றிலும் மலிவு. 1914-ஆம் ஆண்டுப் பூச்சிகள் சட்டமும், 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையும் துறைமுகத்தில் காவல் நிற்கின்றன. 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதியைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாக வரும் மரத்தடி, நாற்றுப் பை, செம்மண் இவற்றில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கேரளத்தின் பல ஊர்களைப் பாடாய்ப் படுத்தும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை பரவியது இப்படித்தான். ஒரு தடவைக்கு நூறு முதல் நானூறு முட்டை இடும், கண்டதையும் தின்னும். எலி நுரையீரல் புழு இதன் வழியாக மனிதருக்கு வந்து மூளைக்காய்ச்சல் ஆகலாம், வெறுங்கையால் தொடக் கூடாது. நாற்று வாங்கினால் பையின் அடியைப் பார்த்து வாங்குங்கள். மழைக்குப் பிறகு அந்தியில் கையளவு நத்தையைக் கண்டால், உறையிட்ட கையால் எடுத்து உப்புத்தண்ணீரில் போட்டுவிட்டு, அன்றைக்கே வேளாண் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

2. மீன்தொட்டியை ஆற்றில் கொட்டாதிருப்பது: தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று வாங்கும் கவச மீன், ஆற்றில் விட்டால் கரையைக் குடைந்து பொந்து போடும், வலையைக் கிழிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நாட்டில் தடைசெய்யப்பட்டது. பாவம் என்று நினைத்து விடுகிற ஒரு மீன் ஆற்றில் பல மீன்களைக் கொல்லும்.

3. கையாலும் எந்திரத்தாலும் அகற்றுவது: முதல் இரண்டு படிகளில் உறுதியான வழி. பிறகு தொடர்பணி இல்லாமல் வீண்.

4. களைக்கொல்லி: குளிக்கவும் குடிக்கவும் பயன்படும் குளத்தில் வேண்டவே வேண்டாம். மொத்தமாகச் செத்த செடி மொத்தமாக அழுகும், மீன் மிதக்கும்.

5. உயிரியல் கட்டுப்பாடு: மூன்றாம், நான்காம் படிகளில் நிலைத்து நிற்கும் வழி. பொறுமை வேண்டும், நடுவில் மருந்தும் பொக்லைனும் குறுக்கிடக் கூடாது.

குளத்து வேலையை எப்படித் திட்டமிடுவது?

இப்போது பெரும்பாலும் அள்ளிய அளவுக்குப் பணம் போகிறது. ஆகாயத்தாமரையின் எடையில் நூற்றில் 95 பங்கு தண்ணீர். லாரி லாரியாக நாம் சுமந்து போவது குளத்துத் தண்ணீரைத்தான். அள்ளியதைக் கரைக்கு மேலே, மழைத்தண்ணீர் குளத்துக்குத் திரும்பாத பக்கம் காயப்போட்டால் எடை இறங்கிவிடும், பிறகு சாணத்தோடு சேர்த்து உரமாக்கலாம். கரைச்சரிவிலேயே விட்டால் முதல் மழை திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கும்பப்பூ என்ற இரண்டாம்போக நெல் அறுவடை முடிந்து அணைகள் அடைத்ததும் தண்ணீர் இறங்கும், அதுதான் தொடங்கும் நேரம், பூப்பதற்கு முன்பு. சானலின் தலைப்பில் உள்ள மேல்குளம் முதலில், கடைசிக்குளம் கடைசியில். ஒவ்வொரு மடைவாயிலும் மறுகாலும் மிதப்பதைத் தடுக்கும் கம்பிவலை. கழிவுநீர் ஓடை எந்த இடத்தில் குளத்தில் விழுகிறதோ அங்கே ஒரு வடிகட்டும் பள்ளம், அதில் கோரையும் நாணலும். தண்ணீர் திறந்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு பேரும் ஒரு வள்ளமும், ஓரத்தில் எழும்பும் குட்டிகளைப் பொறுக்க. சேற்றில் விதை இருப்பதால் இதை ஓராண்டில் நிறுத்த முடியாது, குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். பணத்தை அள்ளிய டன்னுக்குக் கொடுக்காமல் திறந்த நீரின் பரப்பை அளந்து கொடுக்கலாம். கடைசித் தவணை மூன்றாம் ஆண்டு ஆவணியில், கரையில் நின்று தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு.